குருதியுறைவுத் தடைமருந்தும் உணவும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

தமிழ் மருத்துவ மரபிலே பத்தியம் என்பது மருந்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. இன்ன மருந்தை உண்ணுங்காலத்து இன்ன உணவு ஆகாது என்னும் விதிகள் ஏட்டிலும் வாய்மொழியிலுமாக நிலைத்து இன்றும் நம்மவர் வீடுகளில் வழக்கிலுள்ளன. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்பது அவற்றுட் பரவலாக அறியப்பட்டதொன்றாகும். திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நோக்கினும், அதன் பத்துக் குறள்களுட் பெரும்பாலானவை உண்ணும் அளவையும் முறையையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. உணவையும் மருந்தையும் இணைத்து நோக்கும் இம்மனப்பாங்கு நமது சமூகத்தில் ஆழ வேரூன்றியதாகும். எனவே நவீன மருந்தொன்றைப் பெற்றுக்கொண்டு வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நோயாளி, தமக்குக் கூறப்பட்ட அறிவுரையை இம்மரபின் சொற்களைக் கொண்டே விளங்கிக்கொள்கிறார்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது வோபரின் என்னும் குருதியுறைவுத் தடைமருந்தையும், அதற்கும் உணவுக்குமுள்ள தொடர்பையுமாகும். இலக்கியத் துறையினர் மருந்தியலிற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது வைத்தியரின் பணி. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் மருந்து பற்றிய அறிவுரை மொழியினாலானது. அது ஒரு குறிப்பிட்ட சமூகத்தில், ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தினரின் அடுப்படியில் நடைமுறைக்கு வருவது. அவ்வளவில் அது எமது ஆய்வுக்கும் உரியதே.

வோபரின் ‘இரத்தத்தை இளக்கும் குளிசை’ என்றே பொதுவழக்கில் அறியப்படுகிறது. இப்பெயர் பொருத்தமற்றது. அது குருதியை இளக்குவதுமில்லை. ஏற்கெனவே உறைந்த கட்டியைக் கரைப்பதுமில்லை. குருதி உறைவதற்கு வேண்டிய புரதங்கள் பல ஈரலில் உண்டாகின்றன. உறைதற் காரணிகள் எனப்படும் இவற்றுள் இரண்டாம், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் காரணிகள் தொழிற்படத்தக்க நிலையை அடைவதற்கு விற்றமின் கே இன்றியமையாதது. அது இல்லாதபோதும் இப்புரதங்கள் உண்டாகும். ஆனால் கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் இன்மையால், மாடு பூட்டாத ஏர்போலக் கிடக்கும். 1974 இலேயே இவ்வேதியியல் நுட்பம் தெளிவாயிற்று. ஒருமுறை பயன்பட்ட விற்றமின் கே ஈரலிலே மீளப் புதுப்பிக்கப்பட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. உடல் மிகச் சிறிய கையிருப்பைக் கொண்டே காலந்தள்ளுவது இச்சுழற்சியினாலேயாம். வோபரின் தடுப்பது இப்புதுப்பித்தலையே. ஆகவே வோபரின் உண்பவரின் ஈரல், உணவின்வழி அன்றாடம் புதிதாக வரும் விற்றமினைப் பெரிதும் நம்பியிருக்க நேர்கிறது. அவரது குருதியின் உறையுந் தன்மையைக் குளிசையின் அளவு ஒருபுறமும், கறிச்சட்டியில் விழுந்த இலையின் அளவு மறுபுறமுமாக நின்று தீர்மானிக்கின்றன.

இவ்வுறையுந் தன்மையை அளப்பதற்கு ஐ.என்.ஆர். என்னும் அளவுகோல் பயன்படுகிறது. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் முடிவுகள் வேறுபட்டமையால், உலக சுகாதார நிறுவனம் 1983 இல் இதனைப் பொது அளவாக ஏற்படுத்திற்று. மருந்துண்ணாதவரில் இது ஏறத்தாழ 1 ஆக இருக்கும். இதயத் துடிப்பு ஒழுங்கற்றோரில் பொதுவாக 2 க்கும் 3 க்கும் இடையிலும், இதயத்தின் ஈரிதழ் வால்வுக்குப் பதிலாகச் செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டோரில் 2.5 க்கும் 3.5 க்கும் இடையிலும் இதனை நிறுத்த வைத்தியர் முயல்வர். எல்லைக்குக் கீழே இறங்கினால் குருதிக்கட்டி உண்டாகி மூளையைத் தாக்கிப் பாரிசவாதத்தை விளைவிக்கலாம். மேலே ஏறினால் குருதிப்பெருக்கு. இரு பள்ளங்களுக்கு இடைப்பட்ட வரப்பு இது. அவ்வரப்பும் உடனுக்குடன் புலப்படுவதன்று. உறைதற் காரணிகளுட் சில, குருதியில் இரண்டு மூன்று நாள் வரை நிலைப்பனவாதலின், இன்றைய உணவு மாற்றத்தின் விளைவு சில நாள் கழித்தே அளவையிற் தெரியும்.

இம்மருந்தின் வரலாறே உணவிலிருந்து, அதுவும் மாட்டின் உணவிலிருந்து தொடங்குவது கருதத்தக்கது. 1920 களில் அமெரிக்காவின் வட டக்கோட்டாவிலும் கனடாவின் அல்பேட்டாவிலும் மாடுகள் காரணந் தெரியாமல் குருதி பெருகி இறந்தன. கொம்பு நீக்கியபோதும் காயடித்தபோதும் உண்டான சிறு காயங்களிலிருந்து வடிந்த குருதி நிற்கவேயில்லை. ஒன்ராறியோ மிருகவைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த பிராங்க் ஸ்கோபீல்ட், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர்த் தீவனமே இதற்குக் காரணம் என்பதை அத்தசாப்தத்தின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார். அவர் கூறிய பரிகாரம் எளிது: பழுதான தீவனத்தை மாட்டுக்கு இடாதீர்கள்.

அறிவுரை முற்றிலும் சரியானதே. ஆனால் 1929 இல் முதலாளித்துவ உலகைத் தாக்கிய பெருமந்தம் விவசாயியின் கையிலிருந்த காசைத் துடைத்தெடுத்துவிட்டது. வேறு தீவனம் வாங்க வழியில்லாதவன், பழுதென்று தெரிந்தும் அதனையே இட்டான். 1933 பெப்ரவரியில், கடும் பனிப்புயலினூடே, விஸ்கொன்சின் விவசாயி ஒருவர் ஏறத்தாழ 200 மைல் வாகனமோட்டி மடிசன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இறந்த பசுங்கன்று ஒன்றையும், பால் வாளியில் உறையாத குருதியையும், ஏறத்தாழ 100 இறாத்தல் பழுதான தீவனத்தையும் அவர் கொண்டுவந்திருந்தார். அவரைச் சந்தித்த உயிரிரசாயனப் பேராசிரியர் கார்ல் போல் லிங்க்கிடமும் அன்று கூறுவதற்கு அந்தப் பழைய அறிவுரையே இருந்தது. லிங்க் 1959 இல் எழுதிய நினைவுக் கட்டுரையொன்றில் இந்நிகழ்ச்சியை விரிவாகக் கூறியுள்ளார். மருந்தியல் வரலாறு எழுதுவோர் அதனைச் சுவையானதொரு கதையாகவே எடுத்தாளுகின்றனர். எம்மைப் பொறுத்தவரையில் அது ஒரு வர்க்க ஆவணம். அறிவு விஞ்ஞானியிடம் இருந்தது. அதனைப் பின்பற்றுவதற்கான பொருள் வளம் விவசாயியிடம் இருக்கவில்லை.

லிங்க்கின் குழுவினர் ஆறாண்டுகள் உழைத்து, 1939 யூனில் அந்நச்சுப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். இனிப்புக் குளோவரில் இயற்கையாகவுள்ள கூமரின் என்னும் வாசனைப் பொருளைப் பூஞ்சணம் மாற்றியமைப்பதாலேயே இந்நஞ்சு உண்டாகிறது என்பதும் தெளிவாயிற்று. டைக்கூமரோல் எனப் பெயர்பெற்ற அது 1941 இலிருந்து மனிதருக்கு மருந்தாயிற்று. அதன் வழிவந்த மற்றொரு சேர்வை 1948 இல் எலிப் பாசாணமாகச் சந்தைக்கு வந்தது. அதுவே வோபரின். 1951 இல் அமெரிக்க இராணுவத்திற் சேர்ந்த ஒருவர் தற்கொலை செய்யக் கருதி அவ்வெலி மருந்தைப் பலநாள் உண்டபோதும், விற்றமின் கேயும் குருதியும் ஏற்றப்பட்டுப் பிழைத்துக்கொண்டார். மனிதர் தாங்கக்கூடிய மருந்தாக இதனைக் கருதுவதற்கு அச்சம்பவம் வழிசெய்தது. 1954 இல் அது மனிதரின் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டது. மறு ஆண்டில் மாரடைப்புற்ற சனாதிபதி ஐசனோவருக்குக் கொடுக்கப்பட்டதும், எலி மருந்து என்ற இழுக்கு நீங்கிற்று. (லிங்க், மக்காத்தி காலத்துக் கெடுபிடிகளுக்கு முன்னும் பின்னும் தமது பல்கலைக்கழகத்தின் இடதுசாரி மாணவர் அமைப்புகளுக்கு ஆதரவாக நின்றவர் என்பதையும் இங்கு குறித்துவைக்கலாம்.)

முறிமருந்தின் கதையும் இதே காலத்ததுதான். கொப்பன்ஹேகன் நகரில் ஹென்றிக் டாம் என்பவர் 1929 அளவிலே கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய உணவைக் கொடுத்து ஆராய்ந்தபோது, அவை குருதி பெருகி இறப்பதைக் கண்டார். விடுபட்ட பொருளுக்கு, உறைதலைக் குறிக்கும் தேனிய மொழிச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு, 1935 இல் விற்றமின் கே எனப் பெயரிட்டார். லிங்க்கின் குழுவினர் நஞ்சைப் பிரித்தெடுத்த அந்த 1939 ஆம் ஆண்டிலேயே அல்பல்பா என்னும் மற்றொரு தீவனப் பயிரிலிருந்து இவ்விற்றமின் பிரித்தெடுக்கப்பட்டது. 1943 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு டாமுக்கும் அமெரிக்கரான எட்வேட் டொய்சிக்கும் வழங்கப்பட்டது. ஒரு தீவனத்திலிருந்து மருந்தும் மற்றொரு தீவனத்திலிருந்து அதன் முறிவும் ஒரே ஆண்டிற் கிடைத்தன.

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்புவோர் இருப்பர். கீரை மருந்தை முறிக்கும் என்பதை நம் முன்னோர் அன்றே கண்டறிந்துவிட்டனர் அல்லவா என்பர். அகத்தி பற்றிய விதி நெடுங்கால அவதானிப்பொன்றின் எச்சமாக இருக்கக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்விதி எல்லா மருந்துகளுக்கும் பொதுவாகக் கூறப்பட்டது. விற்றமின் கேயோ குறித்தவொரு மருந்து வகையை மட்டுமே, குறித்தவொரு வழியில் முறிப்பது. பழைமையில் அனைத்தையுங் காண முற்படும் மனோபாவம் பழைமைக்கும் நியாயஞ் செய்வதில்லை. அதைவிட முக்கியமானது, பத்தியத்தின் இலக்கணம் வோபரினுக்குப் பொருந்தாது என்பதாகும். பத்தியம் விலக்கை அடிப்படையாகக் கொண்டது. அதற்குக் கால எல்லையும் உண்டு. மண்டலம் முடிந்தால் பத்தியமும் முடியும். செயற்கை வால்வு பொருத்தப்பட்டவரோ வாழ்நாள் முழுவதும் மருந்துண்ண வேண்டியவர். அவருக்கு வேண்டுவது விலக்கன்று, ஒழுங்கு: உண்ணும் கீரையின் அளவு வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாதிருத்தல்.

எந்த உணவில் விற்றமின் கே உள்ளது? இலையின் பச்சையத்தோடு சேர்ந்திருப்பது அது. ஆதலால் கரும்பச்சை இலைகளில் மிகுதியாகவும், வெளிறிய உள்ளிலைகளிற் குறைவாகவும் காணப்படும். மேனாட்டு ஸ்பினாச் கீரையின் 100 கிராமில் ஏறத்தாழ 480 மைக்கிறோகிராம் உண்டு. கோவாவில் ஏறத்தாழ 75. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 90, ஆணுக்கு 120 மைக்கிறோகிராம் போதுமெனக் கணித்துள்ளனர். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி முதலாய நமது இலைவகைகளையும் கரும்பச்சை இலைகளின் வரிசையிலேயே வைத்தல் வேண்டும். அரிசி, மரவள்ளி, பருப்பு, மீன், தேங்காய் ஆகியவற்றில் இது மிகச் சொற்பம். சோயா எண்ணெயில் கணிசமாக உண்டு. தேங்காயெண்ணெயில் இல்லையென்றே கூறலாம். இவ்வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. சோயா எண்ணெயிற் சமைக்கும் அமெரிக்கருக்கு, கீரை உண்ணாத நாளிலும் எண்ணெய்வழி ஓரளவு விற்றமின் கே கிடைத்துக்கொண்டிருக்கும். தேங்காயெண்ணெயும் சோறும் பருப்பும் உண்ணும் நம்மவருக்கு அது ஏறக்குறைய முழுவதும் இலைக்கறியிலிருந்தே வரவேண்டும். எனவே கறிச்சட்டியில் இலை விழுந்த நாளுக்கும் விழாத நாளுக்குமிடையே நம்மவரிடத்து வேறுபாடு பெரிதாகும் எனக் கருத இடமுண்டு. கொழுப்பிற் கரையும் விற்றமின் ஆதலின், இலையைப் பச்சையாக மென்பதைவிடத் தேங்காய்ப்பூ இட்டு வறையாக்கியோ, பாலூற்றிக் கடைந்தோ உண்ணும்போது உடல் அதனைக் கூடுதலாக உறிஞ்சும்.

தேநீர் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். தேயிலையில் விற்றமின் கே நிறைய உண்டு என்று எங்கோ வாசித்தவர்கள் வோபரின் உண்போரைத் தேநீர் குடிக்கவேண்டாமெனத் தடுப்பதுண்டு. இலையில் அது உள்ளது உண்மையே. ஆனால் நீரிற் கரையாத பொருளாகையால் சாயத்தில் இறங்குவது அற்பம், பிளேன்ரீயால் ஐ.என்.ஆர். குலைவதில்லை. கொழுந்து கிள்ளும் தொழிலாளிக்கு நாளில் எஞ்சியிருக்கும் ஒரேயொரு சுகத்தைக் காரணமின்றிப் பறிக்க வேண்டியதில்லை.

நாம் பார்த்த அறிவுறுத்தல் தாளொன்றில், வோபரின் உண்போருக்குரிய உணவு விதி ஒரே வாக்கியத்தில் அமைந்திருந்தது: கீரை வகைகளைத் தவிர்க்கவும். எந்த வைத்தியசாலையின் தாள் என்பது இங்கு வேண்டாத விவரம். இத்தகைய தாள்கள் பல நாடுகளிலும் பல மொழிகளிலும் உள்ளன. இவ்வாக்கியத்தை மொழிநோக்கில் ஆராய்வோம். ‘தவிர்க்கவும்’ என்னும் வியங்கோளுக்கு எழுவாய் இல்லை. தவிர்ப்பவர் யார்? குளிசையை விழுங்குபவர் ஒருவர். கறி சமைப்பவர் பெரும்பாலும் வேறொருவர், அவரது மனைவியோ தாயோ மகளோ. தாள் அவளை நோக்கிப் பேசவில்லை. நோயாளி பெண்ணாயிருப்பின், தனக்கொரு கறியும் வீட்டாருக்கொரு கறியுமாகச் சமைக்க அவளுக்கு நேரமுமில்லை, விறகுமில்லை. எனவே தன் பங்கை விட்டுவிடுவதே அவள் கைக்கொள்ளும் வழியாகும். இன்னொன்று, ‘தவிர்க்கவும்’ என்ற சொல் எவ்வளவு, எத்துணைக் காலம் என்னும் வினாக்களுக்கு இடமளிப்பதில்லை. நம்மவரின் காதில் அது பத்தியமாகவே ஒலிக்கிறது. பத்தியமென விளங்கிக்கொண்டவர், மருந்து ஒத்துக்கொண்டது என்று தோன்றிய நாளில் பத்தியத்தை முறித்து, ஆசை தீர இலைக்கஞ்சி குடிப்பார். ஐ.என்.ஆர். இறங்கும். அடுத்த கிளினிக்கில் மருந்தின் அளவு கூட்டப்படும். பயந்துபோய் அவர் மீண்டும் கீரையை முற்றாக விடுவார். கூட்டிய மருந்தும் விட்ட கீரையும் சேர்ந்து அவரைக் குருதிப்பெருக்கின் பக்கம் தள்ளும்.

இது வெறும் ஊகமன்று. இங்கிலாந்தின் நியூகாசில் நகர ஆய்வாளர்கள், காரணந் தெரியாமல் ஐ.என்.ஆர். ஏறியிறங்கும் நோயாளரை ஆராய்ந்தபோது, அவர்கள் நிலையானவர்களைவிடக் குறைந்த அளவு விற்றமின் கே உண்பவர்களாகக் காணப்பட்டனர். 2007 இல் வெளிவந்த அவர்களது மற்றொரு ஆய்வில், அத்தகையோருக்கு நாள்தோறும் 150 மைக்கிறோகிராம் விற்றமின் கே கொடுக்கப்பட்டபோது பலரின் ஏற்ற இறக்கம் தணிந்தது. மருந்தின் முறிவைக் கொடுத்து மருந்தைச் சீராக்குவது முதற்பார்வையில் முரணாகத் தோன்றும். கையிருப்பு வறண்ட ஈரலுக்குச் சிறிதளவு கீரையும் பெருவெள்ளம். கையிருப்புள்ள ஈரலுக்கு அது ஒரு மழைத்துளி. இதனை எல்லாருக்கும் உரிய சிகிச்சையாக விதிப்பதற்குச் சான்று போதாது எனப் பின்வந்த மதிப்பீடுகள் கூறுகின்றன. தாமாக விற்றமின் கே வாங்கி உண்ணத் தொடங்குவது ஆபத்தானது. எமது வாதத்துக்கு வேண்டுவது இவ்வளவே: கீரையை முற்றாக விலக்குவது பாதுகாப்பைத் தருவதில்லை, பலவேளை பாதுகாப்பின்மையையே கூட்டுகிறது. அதற்கு மேலாக, சந்தையில் மலிவான, வேலியிலும் வாய்க்காற் கரையிலும் இனாமாகக் கிடைக்கும் சத்துணவை அது ஏழையின் கோப்பையிலிருந்து அகற்றிவிடுகிறது.

ஆகவே மேனாட்டு மருத்துவ வழிகாட்டிகள் இன்று ‘தவிர்க்கவும்’ என்பதைக் கைவிட்டு, ‘ஒரே சீராக உண்க’ என்கின்றன. இது வரவேற்கத்தக்க திருத்தம். ஆனால் இவ்வாக்கியத்துக்கும் ஒரு மறைந்த எடுகோள் உண்டு. ஒரே சீராக உண்பதற்கு ஒரே சீரான வருமானம் வேண்டும். மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தரின் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்பது நடைமுறைச் சாத்தியமானது. நாட்கூலிக்கு உழைப்பவரின் கோப்பை அன்றன்று கிடைக்கும் வேலையைப் பொறுத்தது. கடலுக்குப் போன நாள் மீன், போகாத நாள் முருங்கையிலை என்பதே கரையோர வீடுகளின் உணவு ஒழுங்கு. மழை பெய்தால் கீரை மலியும், கோடையில் அருகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. மீனும் பருப்பும் வாங்கமுடியாத வீடுகள் கோடியிற் கிடைத்த இலையை நாடின; சில வீடுகளில் ஒருவேளை உணவே இல்லாது போயிற்று. முதலாவது ஐ.என்.ஆரை இறக்கும், இரண்டாவது ஏற்றும். அதே காலத்தில் மருந்துகளுக்கும் ஆய்வுகூடப் பொருள்களுக்கும் தட்டுப்பாடு நிலவிற்று. நோயாளியின் கொப்பியிற் பதியப்படும் இலக்கம் உடலின் அளவை மட்டுமன்று, சந்தையின் அளவையுமாகும்.

நோயின் தோற்றுவாயை நோக்கினும் இதே உண்மை புலப்படும். நம்மைப் போன்ற நாடுகளில் இளவயதிலேயே செயற்கை வால்வு தேவைப்படுவதற்கு முக்கிய காரணம் வாதக்காய்ச்சல். சிறுபராயத்தில் தொண்டையைத் தாக்கும் ஒருவகைப் பற்றீரியாவின் பின்விளைவாக அது தோன்றி இதய வால்வுகளைச் சிதைக்கிறது. நெருக்கமான குடியிருப்பிலே அப்பற்றீரியா எளிதிற் பரவும். வாழ்க்கைத் தரம் உயர்ந்த நாடுகளில் இந்நோய் ஏறத்தாழ மறைந்துபோயிற்று. ஓரறையில் ஒரு குடும்பம் வாழும் லயங்களையும் நகரச் சேரிகளையும் நாம் வைத்திருக்கும்வரை, வோபரின் உண்போர் தொகையையும் உண்டாக்கிக்கொண்டேயிருப்போம்.

விரதங்கள் பற்றித் தனியே கூறவேண்டும். கந்தசட்டியின் ஆறு நாளும் உணவை ஒடுக்குவோரும், நோன்பு மாதத்தில் உணவு வேளையையே மாற்றுவோரும் நம்மிடையே உளர். உணவு சுருங்கும்போது விற்றமின் கேயும் சுருங்கும். மருந்தின் அளவு மாறாதிருப்பின் ஐ.என்.ஆர். ஏறும். காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் உண்ணாதிருக்கும் நாட்களுக்கும் இது பொருந்தும். அந்நாட்களில் மெற்றோனிடசோல், கோ-றைமொக்சசோல் போன்ற மருந்துகளும் சேர்ந்தால், வோபரின் உடலிற் சிதைவது தாமதமாகி நிலைமை மேலும் மோசமாகும். விரதத்தைக் கைவிடச் சொல்வது எமது நோக்கமன்று. விரதத்துக்கு முன்னர் கிளினிக்கிற் சொல்லாமல் விடுவதே ஆபத்து. சொன்னால் ஏச்சு வாங்க நேருமென அஞ்சி மறைப்போர் பலர். அவ்வச்சத்தை நீக்குவது வெள்ளை மேற்சட்டை அணிந்தோரின் பொறுப்பு.

விற்றமின் குளிசைகள் வேறு பிரச்சினை. பல விற்றமின்கள் கலந்த குளிசைகள் சிலவற்றில் விற்றமின் கேயும் உண்டு. சிறிதளவேயாயினும், கையிருப்புக் குறைந்தவரில் அது விளைவை ஏற்படுத்தலாம். விற்றமின் ஈ பெரிய அளவில், குறிப்பாக நாளுக்கு 400 அலகுக்கு மேல், உண்ணப்படுமாயின் விற்றமின் கேயின் தொழிலைத் தடுத்துக் குருதிப்பெருக்கைத் தூண்டக்கூடும். விற்றமின் பீ வகைகளும் சீயும் வழமையான அளவில் அஞ்சத்தக்கனவல்ல. கறிக்கு இடும் மஞ்சளும் உள்ளியும் இஞ்சியும் வேறு. அவற்றின் சாறு செறிவாக்கப்பட்டு உறைகளில் அடைத்து விற்கப்படுவன வேறு. பின்னவற்றை வோபரினுடன் சேர்ப்பது விவேகமன்று.

விற்றமினைப் பண்டமாக்கும் வரலாற்றில் வோபரினுக்கும் ஒரு பங்குண்டு என்பது பலரறியாதது. வோபரின் என்னும் சொல்லின் முற்பகுதி, விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிறுவகம் என்பதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளாலானது. அந்நிறுவகம் 1925 இல் தோன்றியதே, ஹரி ஸ்ரீன்பொக் என்பவர் புற ஊதாக் கதிரால் உணவில் விற்றமின் டீயை உண்டாக்கும் முறைக்குப் பெற்ற காப்புரிமையை நிர்வகிப்பதற்காகும். கணை நோய் வறியவரின் பிள்ளைகளைத் தாக்குவது. அவர்கள் வாங்கியது வெண்ணெயன்று, மாஜரின். ஆனால் வெண்ணெய் உற்பத்தியாளரின் நலனைக் கருதி, மாஜரினுக்கு அவ்வுரிமையை வழங்க நிறுவகம் மறுத்தது. 1940 களில் அமெரிக்க நீதிமன்றம் அக்காப்புரிமையைச் செல்லாததாக்கிற்று. எலி மருந்தும் மனித மருந்துமாகிய வோபரினின் வருவாயும் அதே நிறுவகத்துக்கே சென்றது.

காப்புரிமை காலாவதியாகிப் பல்லாண்டுகள் கழிந்தமையால் வோபரின் இன்று மலிவான மருந்து. 2010 இலிருந்து டபிகற்றான், றிவறொக்சபான், அபிக்சபான் எனப் புதிய தடைமருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவை விற்றமின் கேயின் வழியாகத் தொழிற்படுவனவல்ல. எனவே கீரை பற்றிய கவலையும் அடிக்கடி குருதி சோதிக்கும் தேவையும் இல்லை. றிவறொக்சபானின் 15, 20 மில்லிகிராம் குளிசைகளை உணவுடன் உண்ணவேண்டும்; வெறுவயிற்றில் அது போதிய அளவு உறிஞ்சப்படாது. ஒருவேளை உணவை விட்டவர், குளிசையை விழுங்கியும் மருந்தை முழுமையாகப் பெறாதவராகலாம். உணவு இங்கும் வேறுவாசலால் நுழைந்துவிடுகிறது.

வோபரின் வழக்கொழியுமா என்னும் வினாவுக்கு விடை வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடும். செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டோரில் டபிகற்றானைப் பரீட்சித்த ஆய்வு, கட்டிகளும் குருதிப்பெருக்கும் மிகுந்தமையால் இடைநிறுத்தப்பட்டு, முடிவுகள் 2013 இல் வெளிவந்தன. வாதக்காய்ச்சலால் வால்வு சிதைந்து இதயத் துடிப்பும் ஒழுங்கற்றுப்போன ஏறத்தாழ 4500 பேரை ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் 24 நாடுகளிற் சேர்த்து நடத்திய பேராய்வொன்று 2022 இல் வெளிவந்தது. அதில் றிவறொக்சபான் உண்டோரைவிட வோபரின் வகை உண்டோரிடையே இறப்புக் குறைவாக இருந்தது. அதாவது, செல்வந்த நாடுகளின் முதியோருக்கு வரும் நோய்க்குப் புதிய மருந்து உண்டு. வறிய நாடுகளின் இளையோருக்கு வரும் நோய்க்கு 1954 ஆம் ஆண்டின் மருந்தே இன்றும் சிறந்தது. எனவே கீரையும் ஐ.என்.ஆரும் பற்றிய இப்பிரச்சினை நம்மிடையே நெடுங்காலம் நிலைக்கும்.

பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே, 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகி, வணிகப் பெயர்களுக்குப் பதில் மருந்தின் இயற்பெயரை வழங்கவும், தேவையான மருந்துகளை மட்டும் மலிவாக இறக்குமதி செய்யவும் வழிவகுத்தார். 1977 இல் அவர் கயானாவில் மறைந்த பின்னரும் அக்கொள்கை உலகின் பிற வறிய நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. மருந்தின் பெயரையும் விலையையும் மக்களுக்குரியதாக்க அவர் முயன்றார். மருந்து பற்றிய அறிவுரையை மக்களுக்குரியதாக்கும் வேலை மிச்சமாயிருக்கிறது. அது மருந்தியலாளரால் மட்டும் ஆவதன்று. மொழியையும் சமூகத்தையும் அறிந்தோரும் அதிற் பங்கெடுக்கலாம்.

தாளில் எழுதப்படும் கட்டளைக்குப் பதிலாகச் சில கேள்விகளை வைக்கலாம் என்பது எமது முன்மொழிவு. வீட்டில் சமைப்பவர் யார். அவர் கிளினிக்குக்கு ஒருமுறையேனும் வந்தாரா. வாரத்தில் எத்தனை நாள் இலைக்கறி. எந்த மாதங்களில் வேலை இல்லை, அப்போது என்ன உண்பது. எந்தெந்த விரதம் பிடிப்பது. கடையில் வாங்கி உண்ணும் விற்றமின், மூலிகைக் குளிசைகள் எவை. வைத்தியர் நோயாளியின் உணவை மாற்ற முயல்வதைவிட, அவரது வழக்கமான உணவுக்கு ஏற்ப மருந்தின் அளவைப் பொருத்துவதே இயலக்கூடியது. அந்த உணவு எப்போது மாறப்போகிறது என்பதை முன்கூட்டி அறிந்தால், குருதியைச் சற்று முன்னதாகச் சோதிக்கலாம். இவ்வினாக்களுக்குரிய விடைகளும் ஐ.என்.ஆர். இலக்கத்தோடு கிளினிக் கொப்பியிற் பதியப்படலாம். அதற்கு ஒரு பக்கம் போதும்.